வகுப்புக்கு வந்தவர்களும் வராதவர்களும்

டைப் 1 நீரிழிவு வந்த பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகளின் சர்க்கரை கட்டுக்குள் வருமா? வரும் என்றுதான் எவரும் சொல்வார்கள். துறையில் இருப்பவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான். ஆனால் நம்பிக்கையோடு நின்றுவிடாமல் இதைக் கறாராகச் சோதித்துப் பார்த்த நாடு பிரிட்டன். ஒரு முறையல்ல, பல முறை. கிடைத்த விடை: சர்க்கரை இறங்கவில்லை.

இந்த விடையைத் தவறாகப் படிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. அப்படியானால் வகுப்பே வேண்டாம் என்று செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகி முடிவுகட்டிவிடலாம். சோதனையில்தான் ஏதோ கோளாறு, எங்கள் வகுப்பு அப்படியல்ல என்று ஆர்வலர்கள் ஒதுக்கிவிடலாம். இரண்டுமே பிள்ளைகளுக்கு நல்லதல்ல. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டில், 20 வயதுக்கு உட்பட்ட டைப் 1 நோயாளிகள் உலகிலேயே அதிகம் இருப்பது இந்தியாவில். சுமார் 2,29,000 பேர். கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் அதைவிடக் கொஞ்சமாக இருக்கிற செவிலியர் நேரத்தையும் இவர்களுக்காக எதில் போடுவது என்பது நமக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது.

கற்றுக்கொள்ள வேண்டியது எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது டைப் 1. இனிப்பு தின்றதால் வருவதல்ல, யாருடைய வளர்ப்பிலும் குறை இருந்ததால் வருவதல்ல. மாத்திரை உதவாது. ஊசி நின்றால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. எட்டு வயதுப் பிள்ளையின் அம்மா காலையில் பள்ளிக்கு அனுப்புவதற்குள் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், தட்டில் வைத்த மூன்று இட்லியில் மாவுச்சத்து எவ்வளவு என்று கணக்கிட வேண்டும், இன்று பி.டி. பீரியட் இருக்கிறதா என்று நினைத்துப் பார்த்து இன்சுலினை அரை யூனிட் குறைக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும். நேற்று வலது தொடையில் போட்டோமா இடதிலா என்று நினைவுபடுத்தி ஊசி போட வேண்டும். பிள்ளை இரண்டு இட்லியோடு போதும் என்று எழுந்துவிட்டால், ஏற்கெனவே உள்ளே போய்விட்ட மருந்துக்கு ஈடாக எதையாவது சாப்பிட வைத்தாக வேண்டும். மருத்துவரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடையில் வரும் தொண்ணூறு நாட்களும் மருத்துவம் செய்வது வீடுதான். ஆகவே கல்வி வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை. கூட்டமாகக் கொடுக்கும் கல்வி எதைச் சாதிக்கிறது என்பதில்தான் விவாதம்.

நம்பிக்கை பிறந்தது பெரியவர்களிடமிருந்து. ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் மிகேல் பெர்கரும் அவருடைய குழுவினரும், நோயாளிகளைச் சிறு குழுவாக ஐந்து நாள் உட்காரவைத்து, சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலினைத் தாங்களே கூட்டிக் குறைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த டாஃப்னே திட்டம் 2002-ல் தன் முடிவை வெளியிட்டது. 169 பெரியவர்கள். வகுப்பு முடித்தவர்களின் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு, ஆறு மாதத்தில் 9.4 சதவீதத்திலிருந்து 8.4 ஆனது. பிறகு வந்த கணக்கெடுப்பு ஒன்றில், பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நிகழ்வு ஒருவருக்கு ஆண்டுக்கு 1.7-லிருந்து 0.6-ஆகக் குறைந்திருந்தது. இது சின்ன வெற்றியல்ல. பெரியவர்களுக்கு முடிந்தது பிள்ளைகளுக்கு ஏன் முடியாது என்று குழந்தை மருத்துவர்கள் கேட்டது நியாயம்.

கேஸ்கேட் சோதனை அந்தக் கேள்விக்காகத்தான் நடந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் உளவியலாளர் டெபோரா கிறிஸ்டியின் தலைமையில், இங்கிலாந்தின் 28 குழந்தைகள் நீரிழிவுப் பிரிவுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ள 362 பிள்ளைகள்; எல்லோருக்கும் ஹெச்பிஏ1சி 8.5 அல்லது அதற்கு மேல். ஒரு பாதிப் பிரிவுகளில் வழக்கமான சிகிச்சை. மறுபாதியில் அதோடு சேர்த்து நான்கு மாதத்தில் நான்கு வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு குடும்பங்கள். உணவுக்கும் இன்சுலினுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு முதல் வகுப்பு. சர்க்கரை பார்ப்பது இரண்டாவது. இன்சுலினைக் கூட்டிக் குறைப்பது மூன்றாவது. நோயோடு வாழ்வது நான்காவது. வெளியிலிருந்து ஆசிரியர் வரவில்லை. அந்தந்தப் பிரிவின் செவிலியரும் இன்னொரு பணியாளரும் இரண்டு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு நடத்தினார்கள். ஓராண்டு கழித்தும் இரண்டாண்டு கழித்தும் பார்த்தபோது, இரு தரப்பின் ஹெச்பிஏ1சியிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஷெஃபீல்டிலிருந்து நடந்த கிக்-ஆஃப் சோதனை இன்னும் தீவிரமானது. 31 மையங்கள், 11 முதல் 16 வயது வரையுள்ள 396 பேர், ஐந்து நாள் முழுநேரப் படிப்பு. டாஃப்னேயின் பாடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி, கல்வியியல் அறிந்தவர்களின் துணையோடு அமைத்த பாடத்திட்டம். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் இரண்டாண்டிலும் ஒட்டுமொத்தமாக ஹெச்பிஏ1சி மாறவில்லை. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளில் மட்டும் மதிப்பெண் உயர்ந்தது, அதுவும் ஆறாவது மாதத்தில் தெளிவாக. தொடக்கத்தில் மிக மோசமாக இருந்த கால்பங்குப் பிள்ளைகளிடம் இரண்டாண்டு முடிவில் ஓர் இறக்கம் தெரிந்தது. ஆனால் அது தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் எல்லையை எட்டவில்லை. ஹெலன் மர்ஃபி குழுவினர் 305 வளரிளம் பருவத்தினரையும் அவர்கள் குடும்பங்களையும் வைத்து, மாதம் ஒன்றாக ஆறு அமர்வுகள் நடத்திய சோதனையிலும் சர்க்கரையில் பலன் இல்லை.

ஆக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்; வெவ்வேறு வடிவில் மூன்று சோதனைகள்; ஒரே திசையில் விடை. இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இருந்தாலும் கேஸ்கேடின் எண்களுக்குள் ஒன்று என்னை நிறுத்துகிறது. வகுப்பு ஒதுக்கப்பட்ட தரப்பில் ஒரு வகுப்புக்காவது வந்தவர்கள் 53 சதவீதம்தான். மீதிப் பேர் ஒரு நாள்கூட அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. ஏன் என்று ஆய்வுக் குழுவே விசாரித்து எழுதியிருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளி, பெற்றோருக்கு வேலை, மருத்துவமனைக்கு ஏற்கெனவே எடுக்கிற விடுப்பு. செவிலியரின் பக்கத்தில், வழக்கமான வேலை ஒன்றும் குறையாமல் மேலே வைத்த சுமை. மூன்று நான்கு குடும்பங்களை ஒரே நாளில் கூட்டத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்து, தேதியை மாற்றி, கடைசியில் வகுப்பே நடக்காமல் போன இடங்களும் உண்டு.

அப்படியானால் வந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது தவறான கணக்கு. யாருடைய அப்பாவுக்கு விடுப்பு கிடைத்ததோ, யார் வீட்டில் வண்டி இருந்ததோ, யார் வீட்டில் நோயைப் பற்றிப் பேச மனம் இருந்ததோ அவர்கள் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சர்க்கரை வகுப்பு இல்லாமலும் கொஞ்சம் மேலாகவே இருந்திருக்கும். வந்தவர், வராதவர் எல்லோரையும் சேர்த்து ஒப்பிட்டதுதான் நேர்மை. ஆனால் அந்த நேர்மையான கணக்கு நமக்குச் சொல்வது என்ன என்பதைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது, கற்றுக்கொடுத்தால் பயனில்லை என்று சொல்லவில்லை. தனி நாளில், தனி அறையில், கூடுதல் ஆளில்லாமல் நடத்தப்படும் வகுப்பு ஒரு மருத்துவமனையின் பிள்ளைகள் கூட்டத்தை மொத்தமாக நகர்த்தாது என்று சொல்கிறது. நிர்வாகிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி அதுதான்.

வருகைக் குறைவை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடவும் முடியாது. ஐந்து நாள் முழுப்பாடம் வைத்த கிக்-ஆஃபும் சர்க்கரையை இறக்கவில்லையே. அங்கே வேறு காரணம் தேட வேண்டும். ஒன்று, வளரிளம் பருவம். அந்த வயதில் வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் இன்சுலினின் வேலையை எதிர்க்கின்றன. நேற்றுச் சரியாக இருந்த அளவு இன்று போதாது. இன்னொன்று, டாஃப்னேக்கு வந்த பெரியவர் தானே முடிவெடுத்து, தன் உடலுக்காக வந்தவர். பதின்மூன்று வயதுப் பையனோ அப்பா அம்மா கூட்டிவந்து உட்காரவைத்ததால் உட்கார்ந்திருப்பவன். கணக்குத் தெரியாததால் அவன் மதிய ஊசியை விடுவதில்லை. சோற்றுக்கு எத்தனை யூனிட் என்று கேட்டால் சரியாகச் சொல்வான். நண்பர்கள் முன்னால் சட்டையைத் தூக்க முடியாததால் விடுகிறான். அறிவு குறைந்த இடத்தில் பாடம் வேலை செய்யும். கூச்சம் இருக்கிற இடத்தில் பாடம் நடத்தினால் அவன் இன்னொரு முறை அதே கணக்கைச் சரியாகச் சொல்வான், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கிரே செய்த வேலை இங்கே எடைபோடத்தக்கது. பன்னிரண்டு முதல் இருபது வயது வரையுள்ள 77 பேர், தீவிர இன்சுலின் சிகிச்சைக்கு மாறும் நேரம். அவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு மூன்று பேராக உட்காரவைத்து, மாவுச்சத்துக் கணக்கைச் சொல்லித்தராமல், சங்கடமான நேரங்களை நடித்துப் பார்க்க வைத்தார்கள். விருந்தில் எல்லோரும் சாப்பிடும்போது என்ன சொல்வது, அம்மா திரும்பத் திரும்ப எண்ணைக் கேட்கும்போது எப்படிப் பதில் பேசுவது என்ற மாதிரி. ஓராண்டு முடிவில் அவர்களின் ஹெச்பிஏ1சியும் தன்னம்பிக்கையும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. சின்னச் சோதனைதான், தவிர, இதே முறையை எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சாதாரணக் குழுக் கல்வியோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எந்த வயதுக்கு எந்தப் பாடம் என்பதைப் பிரித்தறியாமல் 'குழுக் கல்வி' என்று மொத்தமாகப் பேசுவது எவ்வளவு பொத்தாம்பொதுவானது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர் மாநாடுகளில் அடிக்கடி காட்டப்படும் வரைபடம் ஒன்று உண்டு: வகுப்புக்கு முன் சராசரி 10.2, வகுப்புக்குப் பின் 9.1 என்பது போல. ஒப்பிட்டுப் பார்க்க வகுப்பில்லாத தரப்பு எதுவும் அதில் இருக்காது. சர்க்கரை மிக மோசமாக இருந்த நாளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள், எதுவும் செய்யாவிட்டாலும், அடுத்த முறை அளக்கும்போது சராசரியாகக் கொஞ்சம் இறங்கியே இருப்பார்கள். காய்ச்சல், தேர்வு, வீட்டில் ஒரு சாவு என்று அந்த உச்சத்துக்குக் காரணமாக இருந்தது கடந்துபோயிருக்கும். இந்த இயல்பான இறக்கத்தை வகுப்பின் வெற்றியாக எழுதிக்கொள்வது எளிது. கேஸ்கேடைப் போல 8.5-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் எடுத்த சோதனையில் ஒப்பிடும் தரப்பு இல்லாமல் போயிருந்தால், அதுவும் ஒருவேளை வெற்றிக் கதையாகவே அச்சாகியிருக்கும். முன்-பின் வரைபடத்தைக் காட்டி யாராவது பேசினால், ஒப்பிடும் தரப்பு எங்கே என்று கேட்க வேண்டும். விடை இல்லையென்றால் அந்த எண்ணுக்கு எடை இல்லை.

சரி, எது வேலை செய்தது? இந்தத் துறையின் மூலச் சான்றுக்கே திரும்பிப் போவோம். 1993-ல் வெளியான டிசிசிடி சோதனை, 13 முதல் 39 வயது வரையுள்ள 1,441 பேரை வைத்து, சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காப்பாற்றப்படும் என்று நிறுவியது. தொடக்கத்தில் கண் பாதிப்பே இல்லாதவர்களிடம் விழித்திரைக் கோளாறு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதில் வளரிளம் பருவத்தினர் 195 பேர். தீவிர சிகிச்சை பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி 8.06, மற்றவர்களுடையது 9.76. மருந்தின் வெற்றி என்று இதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, தீவிர சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை மருத்துவக் குழுவைப் பார்த்தார்கள், இடையில் குழுவினர் அவர்களை அடிக்கடி தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள் என்பது. ஆண்டுக் கணக்கில் அப்படி நடந்தது. கல்வி அங்கே ஒரு நிகழ்ச்சியாக நடக்கவில்லை. விடாத உறவாக நடந்தது.

பாஸ்டனில் பார்பரா ஆண்டர்சனும் லோரி லாஃபெலும் 1999-ல் வெளியிட்ட சோதனையும் இதே பக்கம் சாய்கிறது. பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள 85 பிள்ளைகளின் குடும்பங்களை அவர்கள் தனி நாளில் கூப்பிடவில்லை. வழக்கமாக டாக்டரைப் பார்க்க வரும் நாளிலேயே சிறிது நேரம் கூடுதலாக உட்காரவைத்து, பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று பெற்றோர் கைகழுவாமல் வேலையைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று பேசினார்கள். வீட்டுச் சண்டை குறைந்தது, பெற்றோரின் பங்கு நிலைத்தது. 2012-ல் டோன்யா நான்செல் குழுவினர் நான்கு மையங்களில் 390 குடும்பங்களை வைத்து, மருத்துவமனைக்கு வரும் நாளோடு இணைத்து இரண்டாண்டு நடத்திய திட்டத்தில், 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் சர்க்கரையில் உண்மையான பலன் தெரிந்தது. அதைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் தெரியவில்லை. இவை குழு வகுப்புகள் அல்ல, குடும்பம் குடும்பமாக நடந்தவை. ஆனாலும் கேஸ்கேடின் தோல்வியோடு இவற்றை அருகருகே வைத்தால் ஒன்று துலங்குகிறது: கூட்டமா தனியா என்பதைவிட, எந்த நாளில், எத்தனை காலத்துக்கு என்பதே முதல் கேள்வி.

இன்னொரு திசையிலிருந்தும் சான்று இருக்கிறது. டென்மார்க்கின் விதோரேயில் கூடியதால் அந்தப் பெயர் பெற்ற ஆய்வுக் குழு, 1990-களில் 18 நாடுகளைச் சேர்ந்த 2,873 பிள்ளைகளின் அளவுகளை ஒரே ஆய்வகத்தில் அளந்து ஒப்பிட்டது. வளர்ந்த நாடுகளின் நல்ல மையங்களுக்குள்ளேயே பெரிய ஏற்றத்தாழ்வு. எத்தனை ஊசி, எந்த வகை இன்சுலின் என்பவை அந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. பிறகு வந்த ஆய்வில் தெரிந்த காரணங்களில் ஒன்று, குழுவில் உள்ள எல்லோரும் ஒரே இலக்கைச் சொன்னார்களா என்பது. டாக்டர் 7 என்று சொல்லி, செவிலியர் 8 போதும் என்று சொல்லி, உணவு ஆலோசகர் எண்ணே சொல்லாத இடத்தில் பிள்ளைகளின் அளவு மேலேதான் இருந்தது. குடும்பங்களுக்கு வகுப்பு எடுக்கும் முன், மருத்துவக் குழு தனக்குத்தானே ஒரு வகுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

கல்வியைத் தொடர் கவனிப்போடு சேர்ப்பதை இங்கிலாந்தே பின்னர் நடத்திக்காட்டியது. 2012-லிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மருத்துவச் சந்திப்பு, அவற்றுக்கு வெளியே எட்டு தொடர்புகள், இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை, நோய் கண்டறிந்த உடனேயே முறையான கல்வி என்று வகுத்து, இவற்றைச் செய்யும் பிரிவுக்கே முழுப் பணம் என்று அரசு விதித்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் தேசியத் தணிக்கையில் பிள்ளைகளின் ஹெச்பிஏ1சி படிப்படியாக இறங்கியது. இன்சுலின் பம்பும் சர்க்கரை சென்சாரும் பரவியது அதே காலம் என்பதால் முழுப் பெருமையையும் அந்த விதிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தனித்து நின்ற வகுப்புகளால் முடியாத ஒன்று, வகுப்பு ஓர் உறுப்பாக இருந்த அமைப்பில் நடந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, குழுவின் பக்கம் நிற்கும் நியாயத்தையும் முழு எடையோடு வைக்க வேண்டும். ஹெச்பிஏ1சி ஒரு சராசரி. இரவு மூன்று மணிக்கு 50-க்கு இறங்கி விடிகாலை 300-க்கு ஏறும் பிள்ளைக்கும், நாள் முழுக்க 175-ஐ ஒட்டியே இருக்கும் பிள்ளைக்கும் அது ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டக்கூடும். முதல் பிள்ளையின் அம்மா தூங்கவில்லை என்பதை அது அளக்காது. கேஸ்கேடில் வகுப்புக்கு வந்த குடும்பங்கள், வீட்டில் உறவு மேம்பட்டதாகவும் நோயைப் புரிந்துகொண்டதாகவும் தைரியம் வந்ததாகவும் சொன்னார்கள். இதை 'திருப்தி மட்டும்' என்று ஒதுக்கும் திறனாய்வாளரோடு நான் உடன்படவில்லை. வாழ்நாள் முழுவதும் தீராத நோயில் தைரியம் என்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

குழுவில் மட்டுமே நடக்கிற சில காரியங்களும் இருக்கின்றன. ஊசி போடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு மெத்தென்று ஒரு கட்டி உண்டாகும். அங்கே குத்தினால் வலிக்காது. அதனால் பிள்ளைகள் அந்த இடத்தையே தேடுவார்கள். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் திடீரென்றும் ரத்தத்தில் இறங்கும். அளவு மாறாமலே சர்க்கரை தாறுமாறாக ஆடும். "இடத்தை மாத்தி மாத்திப் போடுங்க" என்று டாக்டர் சொல்வதைக் காதில் வாங்காத பிள்ளை, தன் வயதுள்ள இன்னொரு பிள்ளையின் வயிற்றுக் கட்டியை விரலால் தடவிப் பார்த்து, பிறகு தன் தொடையைத் தடவி, "எனக்கும் இருக்கு" என்று சொல்லும் அந்த நேரத்தில் பாடம் இறங்கிவிடுகிறது. அதேபோல இட்லி. அச்சிட்ட பட்டியலில் இட்லிக்கு ஒரே எண்தான். வீட்டுக்கு வீடு தட்டின் குழி வேறு, மாவின் பதம் வேறு. ஐந்து வீட்டு இட்லியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கும் வகுப்பில், தன் வீட்டு இட்லி பட்டியலில் இருப்பதைவிட எவ்வளவு பெரிது என்று ஒரு அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மாதக் கணக்காகக் காலைச் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்பதற்கு அதுவே விடையாக இருக்கலாம்.

தமிழ்நாட்டுச் சூழலில் குழுவுக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. மகளுக்கு டைப் 1 என்று தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு என்னாகும் என்ற பயத்தில், கூடப்பிறந்தவர்களுக்குக்கூடச் சொல்லாமல் மறைக்கும் வீடுகள் நிறைய. "இன்சுலினை நிறுத்திடலாம், எங்க மருந்து போதும்" என்று சொல்பவர்களிடம் பணத்தையும் பிள்ளையையும் கொண்டுபோகும் வீடுகளும் உண்டு. நிறுத்திய சில நாளில் பிள்ளை கீட்டோஅசிடோசிஸோடு, அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலையோடு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும். இதை டாக்டர் சொன்னால் வியாபாரம் என்று நினைக்கும் அப்பா, அதே தவற்றைச் செய்து பிள்ளையை இழக்கும் நிலைக்குப் போய் மீண்ட இன்னொரு அப்பா சொன்னால் நம்புவார். பள்ளி விஷயமும் அப்படித்தான். 2017-ல் சிபிஎஸ்இ, பொதுத்தேர்வு அறைக்கு டைப் 1 மாணவர்கள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. 2023-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் அனுமதிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இப்படிப்பட்ட ஆணைகளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் தனியாகப் போய் நிற்கும் ஒரு அம்மாவுக்கும், ஐந்து பெற்றோராகப் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஹெச்பிஏ1சியும் காட்டாது.

ஆனால் மறைக்க வேண்டும் என்ற அந்தப் பயம்தான் இங்கே வருகைக்கும் முதல் தடை. இங்கிலாந்துக் குடும்பத்தைத் தடுத்தது நேரம். இங்கே நேரத்தோடு சேர்ந்து, அந்த அறையில் நம்மைத் தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால் என்ற எண்ணமும், இரண்டு பஸ் மாறி வரும் செலவும், ஒரு நாள் கூலியும் தடுக்கின்றன. பிரிட்டனிலேயே பாதிப்பேர் வராத ஒன்றை இங்கே அப்படியே நகலெடுத்தால், வரக்கூடிய வீடுகள் எவை என்று சொல்லவே வேண்டாம்: நகரத்தில் இருக்கிற, படித்த, ஏற்கெனவே ஓரளவு சமாளிக்கிற வீடுகள். ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த கல்வி அதைக் கூட்டிவிடும்.

அடிப்படைப் பொருள் கையில் இல்லாதவருக்குப் பாடம் எதற்கு என்பதையும் கேட்டாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைத்தாலும், பல வீடுகளுக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் இன்னும் கைக்காசுதான். ஒன்று சுமார் 20 ரூபாய் என்று வைத்தாலும், நாளுக்கு நான்கு முறை பார்க்க மாதம் 2,400 ரூபாய். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் சர்க்கரை பார்க்க முடிகிற வீட்டுக்கு, எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பாடம் குற்றவுணர்ச்சியைத்தான் தரும். நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் 2009-ல் தொடங்கி இந்தியாவுக்கும் கொண்டுவந்த குழந்தைகள் நீரிழிவுத் திட்டமும், கோவையில் டைப் 1 பிள்ளைகளுக்கு இலவசமாக இன்சுலின் வழங்கும் இதயங்கள் அறக்கட்டளையும் மருந்து தருவதிலிருந்தே தொடங்குவது சரியான வரிசை. இத்தகைய திட்டங்களில் பிள்ளைகள் நலமடைந்தால், பலன் பாடத்தாலா ஸ்ட்ரிப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அவற்றைக் குழுக் கல்விக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையும் குடும்பங்களுக்கு இல்லை.

என் தீர்ப்பு இது. சர்க்கரையைக் குறைக்கும் சிகிச்சை என்ற பெயரில் குழு வகுப்பை விற்பதை நிறுத்த வேண்டும். அந்த உரிமைகோரலுக்கு எதிராகத்தான் சான்று இருக்கிறது. 'கட்டுப்பாடு மோசம்' என்று முத்திரை குத்திய பிள்ளைகளை மட்டும் கூட்டி நடத்தும் தனி வகுப்பையும் நான் ஆதரிக்கவில்லை. நன்றாகச் சமாளிக்கும் பிள்ளையிடமிருந்து தடுமாறும் பிள்ளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அது பறிக்கிறது. வகுப்புக்கு வருவதையே ஒரு தண்டனை ஆக்குகிறது. செவிலியரை நியமிக்காமல், ஸ்ட்ரிப் கொடுக்காமல், 'விழிப்புணர்வு முகாம் நடத்தினோம்' என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ள நடத்தும் வகுப்பு இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். பிள்ளையின் சர்க்கரை ஏறினால் பழி வீட்டின்மேல் விழ அது வழிசெய்துவிடுகிறது.

வைத்துக்கொள்ள வேண்டிய வடிவமும் சான்றுகளிலேயே இருக்கிறது. டாக்டரைப் பார்க்க எல்லோரும் எப்படியும் வரும் அதே நாளில், காத்திருக்கும் நேரத்திலேயே குழு கூட வேண்டும். நோய் தெரிந்த முதல் வாரத்தில் தனியாகச் சொல்லிக்கொடுத்து, அதன் பிறகு குழு. எட்டு வயதுக்கு ஊசியும் சாப்பாடும், பதிமூன்று வயதுக்குக் கூச்சமும் சண்டையும் என்று வயதுக்கேற்ற பொருள். இன்சுலின் அளவை மாற்றுவது குழுவின் வேலையாக இருக்கக் கூடாது. அது அந்தந்தப் பிள்ளையின் எண்களைப் பார்த்துத் தனியாக, இடையிடையே தொலைபேசியில் நடக்க வேண்டும். பலனை ஹெச்பிஏ1சியால் மட்டும் அளக்காமல், கீட்டோஅசிடோசிஸோடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், மயங்கி விழுந்தவர்கள் எத்தனை பேர், பள்ளியில் மதிய ஊசி போட்டுக்கொள்பவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ண வேண்டும். வராத குடும்பங்களின் பட்டியலையும் வைத்திருக்க வேண்டும். வந்தவர்களின் புகைப்படத்தைவிட அந்தப் பட்டியல்தான் ஒரு மையத்தின் தரத்தைக் காட்டும். அவர்களை அழைக்கவும், ஏன் வரவில்லை என்று கேட்கவும், பஸ் காசு கொடுக்கவும் ஒரு செவிலியரின் வேலை நேரத்தில் பாதியாவது அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட வேண்டும், அதற்குச் சம்பளத் தலைப்பும் வேண்டும். அதை ஒதுக்க முடியாத மையம், இருக்கிற பணத்துக்கு முதலில் ஸ்ட்ரிப் வாங்கட்டும்.